பதினஞ்சு வயசுல கிடைச்சிருக்க வேண்டிய புத்தகங்கள்

வடகரை:

வணக்கம். நீங்க எல்லாரும் எழுதுறதை வாசிச்சுட்டு மட்டும் போற ஆளு நான். இன்னைக்கு எழுதாம இருக்க முடியல. நீளமா வரும், பொறுத்துக்கங்க.

எம் மக ப்ளஸ் ஒன் படிக்கிறா. கோடை லீவு முழுக்க நத்தம் ரோட்டுல இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அவளைக் கூட்டிட்டுப் போய் வந்தேன். அவ எடுக்கிறது எல்லாம் இளையோர் நாவல். அவ வாசிச்சு முடிச்சு மேசையில வைக்கிறதை நான் எடுத்துப் பொரட்ட ஆரம்பிச்சேன். எனக்கு இங்கிலீஷ் மெதுவாத்தான் வரும். ஆனா இந்தக் கதைகள்ல மொழி நேரா இருக்கு, பக்கத்துக்கு ரெண்டு வார்த்தைதான் மகளைக் கேக்க வேண்டியிருந்துச்சு.

முதல்ல கையில வந்தது பத்மா வெங்கட்ராமன் எழுதின 'க்ளைம்பிங் ஸ்டேர்ஸ்'. 2008-ல வந்தது. கதை 1941-ல பம்பாய்ல தொடங்குது. வித்யாவுக்குப் பதினஞ்சு வயசு, காலேஜுக்குப் போகணும்னு ஆசை. அப்பா அவ பக்கம். போராட்டத்துல போலீஸ் தடியடி பட்டு அப்பாவுக்கு மூளை கலங்கிப்போகுது. குடும்பம் மெட்ராஸ்ல தாத்தா வீட்டுல வந்து ஒண்டுது. அந்த வீட்டுல ஆம்பளைகளுக்கு மச்சு, பொம்பளைகளுக்குக் கீழ்க்கட்டு. தாத்தாவோட புத்தகம் அம்புட்டும் மச்சுல. நாவல் பேரே அந்தப் படிக்கட்டுதான்.

எங்க ஊரு வைகைக்கு வடகரையில. ஊர் நூலகத்து வாசல்ல நீளமா ஒரு பெஞ்சு கிடக்கும். காலையில இருந்து பொழுது சாயுற வரைக்கும் ஆம்பளைகள் அதுல உக்காந்து பேப்பர் வாசிப்பாக. அந்தப் பெஞ்சைத் தாண்டித்தான் உள்ள போகணும். சின்னப்பிள்ளையா இருந்தவரைக்கும் தாண்டிப் போயிருக்கேன். 1994-ல வயசுக்கு வந்தேன். சடங்கு முடிஞ்ச மறுவாரம் நூலக அட்டையை எடுத்துக்கிட்டுக் கிளம்புனேன். "ஆம்பளைக உக்காந்திருக்கிற எடத்துல இனி உனக்கென்ன வேலை"ன்னு வீட்டுல ஒரு வார்த்தை. அதோட முடிஞ்சுது. அதுக்கப்புறம் அண்ணன் எடுத்துட்டு வர்றதுதான் எனக்கு. அவனுக்குப் புடிச்சது துப்பறியும் மாத நாவல். நேத்து வரைக்கும் அம்புலிமாமா, கோகுலம் வாசிச்ச பிள்ளை மறுநாள்ல இருந்து கொலையும் கள்ளக்காதலும் வாசிச்சேன். நடுவுல ஒண்ணுமே கிடையாது. அந்தக் கதைகள்ல பதினஞ்சு வயசுப் பொண்ணு வந்தா யாருக்காவது தங்கச்சியா வருவா, இல்ல பொணமாக் கிடப்பா. அவ வாயைத் தொறந்து "நான்"னு ஆரம்பிச்சு நான் வாசிச்சதே இல்ல.

வித்யா தாத்தாகிட்டப் போய், புத்தகம் வாசிக்க மேல வரலாமான்னு கேக்குறா. அவரு சரின்னுட்டாரு. அந்த எடத்துல எனக்குச் சந்தோசம் வரல. கோவம் வந்துச்சு. நான் கேக்கவே இல்லையே! போக வேணாம்ன்டாக, நான் அட்டையை மாடக்குழியில வைச்சுட்டேன். கேக்கலாம்னு ஒரு வழி இருக்கிறதே அந்த வயசுல எனக்குத் தெரியாது. கேட்ட ஒரு பொண்ணை நான் பாத்ததில்ல, படிச்சதும் இல்ல. நாப்பத்தஞ்சு வயசுல நூலகத்துல உக்காந்து அழுதேன். மக தண்ணி பாட்டிலைத் தள்ளிவிட்டுட்டு ஒண்ணும் கேக்காம அவ புத்தகத்தை வாசிச்சா.

உங்கள்ல யாரும் இந்த மாதிரிக் கதைகள் வாசிக்கிறீகளா? வாசிச்சா உங்களுக்கு என்ன பண்ணுச்சு?

செல்லூர்த் தறி:

அக்கா, வாசிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

நான் வாசிச்சது 'ஹங்கர் கேம்ஸ்' மூணு பாகமும். 2008, 2009, 2010-ன்னு வருசத்துக்கு ஒண்ணா வந்தது. படத்தைப் பாத்துட்டுத்தான் புத்தகத்துக்குப் போனேன். டிவியில சேனல் மாத்தும்போது ஒண்ணுல ரியாலிட்டி போட்டி, இன்னொண்ணுல ஈராக் போர்க் காட்சி, அது ரெண்டும் கலந்து தோணுனதுதான் இந்தக் கதைன்னு சூசன் காலின்ஸ் சொல்லியிருக்காங்க. பிள்ளைகளை ஒருத்தரையொருத்தர் கொல்ல விடுற போட்டி அதுல வரும். எல்லாரும் அந்தச் சண்டையைத்தான் பேசுவாங்க. எனக்கு ரொட்டிதான் கதை.

கதை சொல்ற பொண்ணு காட்னிஸ். அவ அப்பா நிலக்கரிச் சுரங்க வெடிப்புல செத்துப்போறாரு. அம்மா ஓஞ்சு உக்காந்துருது. பதினோரு வயசுப் பொண்ணு தங்கச்சியைப் பட்டினி கிடக்க விடாம எங்கேயாச்சும் ஏதாச்சும் கிடைக்குமான்னு மழையில அலையுது. பேக்கரிக்காரர் மகன் பீட்டா வேணும்னே ரொட்டியைத் தீய விட்டு, அவன் அம்மாகிட்ட அடி வாங்கிக்கிட்டு அவ பக்கமா வீசுறான். அவ அவனுக்கு ஒரு நன்றி கூடச் சொல்லல. வருசக் கணக்கா அந்தக் கடன் அவ நெஞ்சுல கிடக்குது.

எங்கப்பா தறிக்காரர். நான் ஒம்பதாவது படிக்கையில போயிட்டாரு. ராத்திரி ஷிஃப்டுக்கு நான் தறிக்குப் போனேன். எங்க சந்துல ஒரு இட்லிக்கடை அக்கா ராத்திரி மிஞ்சுனதுன்னு சொல்லி ஒரு பொட்டலம் குடுப்பாங்க. மிஞ்சுனது இல்ல அது. சூடா இருக்கும். எனக்கு அது தெரியும், எனக்குத் தெரியும்கிறது அவங்களுக்கும் தெரியும். இன்னைக்கு வரைக்கும் நான் வாயைத் தொறந்து சொன்னதில்ல. அந்தக் கடை இப்ப இல்ல. வாங்கித் தின்னவனுக்கு ஏற்படுற ரோஷத்தையும் பாசத்தையும் ஒண்ணா வைச்சு எழுதி நான் வாசிச்சது அந்த ரொட்டியிலதான். காட்னிஸ் பீட்டாவைக் கட்டுறாளா, கூட வேட்டைக்கு வர்ற கேலைக் கட்டுறாளாங்கிறதுல எனக்கு அக்கறையே வரல. நடுப்பாகம் அதுலயே சுத்துனது எனக்குச் சலிப்பு.

நான்மாடக்கூடல்:

வடகரை அம்மா, உங்கள் பெஞ்சு என் மனதை அறுத்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பேரன் கொடுத்து இவ்வகை நாவல்கள் நாலைந்து படித்தேன். எனக்கு இரண்டு குறை. ஒன்று, எல்லாமே "நான்". அதுவும் நிகழ்காலத்தில்: நான் ஓடுகிறேன், நான் பார்க்கிறேன். 'ஹங்கர் கேம்ஸ்' அப்படி, 'டைவர்ஜென்ட்' அப்படி. ஒரே ஒரு மண்டைக்குள் என்னை வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அடுத்தவர் மனம் என்ன என்று எட்டிப் பார்க்க ஜன்னல் இல்லை. அந்த வயதுப் பிள்ளைக்கு ஏற்கெனவே தன் மனம் ஒன்றுதான் உலகம். அதையே ஊட்டி வளர்ப்பானேன்?

இரண்டாவது, பெற்றவர்களை எங்கே தொலைக்கிறார்கள்? ஒரு கதையில் தகப்பன் இறந்துவிட்டான், இன்னொன்றில் இருவரும் விபத்தில் போய்விட்டார்கள், மற்றொன்றில் தாய் பிள்ளையை அடுத்தவர் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறாள். பிள்ளைகள் தனியாகத்தான் வளரும் என்பது போல.

நம் மதுரைக் காப்பியத்திலேயே இளையோர் இல்லையா? மணத்தின்போது கண்ணகிக்குப் பன்னிரண்டு, கோவலனுக்குப் பதினாறு என்று இளங்கோவே வயது சொல்லித் தொடங்குகிறார்.

வடகரை:

ஐயா, நீங்க சொன்ன கண்ணகியை வைச்சே கேக்குறேன். பன்னெண்டு வயசுல கட்டிக் குடுத்து, புருசன் இன்னொருத்தி வீட்டுக்குப் போய், அவ தனியா இருந்த அந்த வருசமெல்லாம் என்ன நினைச்சா? புகார்ல அவ பேசுறது ரொம்பக் கொஞ்சம். மதுரைக்கு வந்து, எல்லாம் போனப்புறம்தான் அவ குரல் நமக்குக் கேக்குது. கேட்டப்ப ஊரே எரிஞ்சுது. அதுக்கு முந்தியே அவளை "நான்"னு பேச விட்டிருந்தா என்ன சொல்லியிருப்பான்னுதான் இந்தப் புத்தகங்களை வாசிக்கும்போது எனக்குத் தோணுது. தப்பா எடுத்துக்காதீக.

பெத்தவுக விசயம். எங்கப்பத்தா சொன்ன கதையில எதுலயும் ஆத்தா உயிரோட இருந்ததில்ல. சித்தி கொடுமை, ஏழு அண்ணனுக்கு ஒரு தங்கச்சி, காட்டுல விட்ட பிள்ளை. பெரியாளு பக்கத்துல இருந்தா முடிவை அவுக எடுத்துருவாக. பிள்ளை முடிவெடுக்கணும்னா பெரியாளு கொஞ்சம் ஒதுங்கணும். அம்புட்டுத்தான்னு நினைக்கிறேன்.

உசிலைப் பொண்ணு:

அக்கா, ஐயா, எல்லாருக்கும் வணக்கம். காலேஜ் ரெண்டாவது வருசம். எனக்குப் பதினஞ்சு வயசு தாண்டி நாலு வருசந்தான் ஆகுது, அதனால நான் சொல்றது வேற மாதிரி இருக்கலாம்.

ஏஞ்சி தாமஸோட 'த ஹேட் யு கிவ்', 2017-ல வந்தது. ஸ்டார்னு பதினாறு வயசு கறுப்பினப் பொண்ணு. கறுப்பின மக்கள் இருக்கிற கார்டன் ஹைட்ஸ்ல வீடு, பெரும்பாலும் வெள்ளைக்காரப் பிள்ளைக படிக்கிற வில்லியம்சன்ல படிப்பு. கலீல்கிற சின்ன வயசுக் கூட்டாளியை அவ கண்ணு முன்னாடியே போலீஸ்காரர் சுட்டுர்றாரு. கதை அதுதான். ஆனா என்னைப் புடிச்சு நிறுத்துனது அதுக்கு முன்னாடி. ஸ்டார் சொல்லுவா, ஸ்கூலுக்குப் போகும்போது அவ வேற ஸ்டார். தெருப்பேச்சு ஒண்ணு கூட வாயில வராம பாத்துக்குவா. கோவம் வந்தாலும் காட்டமாட்டா. காட்டுனா "அப்படிப்பட்ட எடத்துப் பொண்ணு"ன்னுருவாங்க.

நான் ஆறாவதுல டவுன்ல ஒரு ஸ்கூல்ல சேந்தேன். முதல் வாரமே "ண்டு"வை விட்டுட்டேன். "வந்துச்சுண்டு சொன்னாங்க"ன்னு ஒரு தடவை சொன்னேன், கிளாஸே சிரிச்சுச்சு. அதுக்கப்புறம் பஸ் ஏறுனா ஒரு பேச்சு, ஊர்ல எறங்குனா ஒரு பேச்சு. அப்பா ஸ்கூலுக்கு வந்தா சத்தமாப் பேசிருவாரோன்னு பயம். அந்தப் பயத்துக்கு நான் இன்னும் எங்கப்பாகிட்ட மன்னிப்புக் கேக்கல.

அப்புறம் அந்தக் கேள்வி. எந்த ஊரு? சரி, அதுல எந்தப் பக்கம்? சரி, எந்தத் தெரு? மூணாவது கேள்விக்குள்ள அவங்களுக்கு வேண்டியது கிடைச்சுரும். ஸ்டாரோட ஃப்ரெண்டு ஹெய்லி, பாஸ்கெட்பால் ஆடுறப்ப பந்தை வறுத்த கோழின்னு நினைச்சுக்கோன்னு சொல்லுவா. சொல்லிட்டு, சும்மா சொன்னேன், நீ ஏன் பெருசு பண்றேம்பா. எனக்கும் ஒருத்தி இருந்தா. அவ சொன்னதை இங்க எழுத மாட்டேன். நான் சிரிச்சேன், அதுதான் இன்னும் வலிக்குது. ஸ்டாரும் முதல்ல பேசாமத்தான் இருக்கா, பல பக்கத்துக்கு. உடனே பொங்கி எழுந்திருந்தா நான் புத்தகத்தை மூடியிருப்பேன்.

ஐயா, ஒரே மண்டைக்குள்ள பூட்டுறாங்கன்னு சொன்னீங்க. என்னை மாதிரி ஆளுக்கு, நம்ம மண்டைக்குள்ள இருக்கிறது இன்னொருத்தர் மண்டைக்குள்ளயும் இருக்குன்னு தெரியுறதே ஒரு ஜன்னல்தான்.

மேலூர் டீச்சர்:

தங்கம், நீ எழுதுனதை ரெண்டு தடவை வாசிச்சேன்.

நான் அரசுப் பள்ளியில ஒம்பதாவது, பத்தாவதுக்கு இங்கிலீஷ் எடுக்குறேன். தமிழ் மீடியம். என் பிள்ளைகளால இந்த நாவல்களைத் தானா வாசிக்க முடியாது. அதனால போன வருசம் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுல கதையாச் சொன்னேன். நான் எடுத்தது எஸ்.இ. ஹின்டனோட 'தி அவுட்சைடர்ஸ்', 1967-ல வந்தது. அவங்க அதை எழுத ஆரம்பிச்சப்ப வயசு பதினஞ்சு, புத்தகமா வரும்போது பதினெட்டு. பொம்பளைப் பிள்ளை எழுதினதுன்னு தெரிஞ்சா விமர்சகர்கள் ஒதுக்கிருவாங்கன்னுதான் பதிப்பகத்துல பேருக்குப் பதிலா முதலெழுத்துகளைப் போடச் சொன்னாங்க. இதைச் சொன்னதும் பின் பெஞ்சு நிமிந்து உக்காந்துச்சு. "நம்ம வயசா டீச்சர்?"

பெத்தவங்க இல்லாத மூணு அண்ணன் தம்பிக. கடைசிப் பையன் போனிபாய், பதினாலு வயசு. ஊர்ல வசதியில்லாத பசங்க ஒரு கூட்டம், கார் வைச்சிருக்கிற பணக்காரப் பசங்க ஒரு கூட்டம். போனிபாயைத் தண்ணியில முக்கிக் கொல்லப் பாக்கும்போது அவன் கூட்டாளி ஜானி ஒருத்தனைக் குத்திர்றான். எங்க பக்கத்துல ரெண்டு தெருவுக்கு நடுவுல என்னென்ன நடக்கும்னு பிள்ளைகளுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். நான் எந்தத் தெருவையும் சொல்லல, அவங்களும் சொல்லல. ஆனா ஜானி சரணடையலாம்னு முடிவு பண்ற எடத்துல கிளாஸ் ரெண்டாப் பிரிஞ்சுச்சு. ஒரு பையன் எந்திரிச்சு, "அவன் சரணடைஞ்சா அவன் கூட்டத்துல அவனைச் சேப்பாங்களா டீச்சர்?"னு கேட்டான். மத்தவங்க அமைதியாயிட்டாங்க. அந்தக் கேள்வி ஜானியைப் பத்தினது இல்லன்னு எனக்குத் தெரியும். ஜானி தீயில பிள்ளைகளைக் காப்பாத்தப் போய் முதுகெலும்பு ஒடிஞ்சு சாகுறதைச் சொன்ன வெள்ளிக்கிழமை, மணி அடிச்சும் யாரும் பையைத் தூக்கல.

கதையோட முடிவைச் சொல்லப்போறேன், வாசிக்காதவங்க இந்தப் பத்தியைத் தாண்டிருங்க. போனிபாய் ஃபெயிலாகுற நிலையில இருக்கான். வாத்தியார் அவனை ஒரு கட்டுரை எழுதிட்டு வரச் சொல்றாரு. அவன் எழுத உக்காந்து போடுற முதல் வரி, நாவலோட முதல் வரி. இவ்வளவு நேரம் நாம வாசிச்சதே அந்தக் கட்டுரை நோட்டுதான்! இதைச் சொன்ன திங்கக்கிழமை ஒரு பையன் என் மேசையில நோட்டை வைச்சுட்டு ஓடிட்டான். நாலு பக்கம், தமிழ்ல. அவன் அண்ணனைப் பத்தி. நான் சிவப்பு மை தொடல. எழுத்துப்பிழை கூடத் திருத்தல. "வாசிச்சேன்"னு மட்டும் கீழ எழுதிக் குடுத்தேன். அது சரியா தப்பான்னு இன்னும் யோசிக்கிறேன். இன்னொரு வார்த்தை எழுதியிருக்கலாம்.

ஆனா ஒண்ணு ஆதங்கமா இருக்கு. இதெல்லாம் நான் சொல்லித்தான் அவங்களுக்குப் போகுது. தானா எடுத்து வாசிக்கத் தமிழ்ல வேணும். இப்ப வந்துட்டிருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். உதயசங்கரோட 'ஆதனின் பொம்மை' கீழடியை வைச்சு எழுதினது, 2023-ல பால சாகித்திய புரஸ்கார் வாங்குச்சு. அதை வாசிச்ச பிள்ளைகளைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். பானை ஓட்டுல "ஆதன்"கிற பேரைப் பாத்ததும் ஒருத்தி கண்ணாடியில மூக்கை வைச்சு அழுத்திக்கிட்டு நகரவே இல்ல. விஷ்ணுபுரம் சரவணனோட 'கயிறு' சின்னப் புத்தகம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில கட்டுற சாதிக் கயிறைப் பத்தினது. யெஸ். பாலபாரதியோட 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பொம்பளைப் பிள்ளைகள் கையில சுத்திக்கிட்டே இருக்கு, தப்பான தொடுதலைப் பத்திப் பேசுற கதை. அதை எடுத்துட்டுப் போனவ திருப்பிக் குடுக்க வரும்போது முகத்தைப் பாத்துக்கிட்டே வாங்குவேன். ரெண்டு தடவை உக்கார வைச்சுப் பேச வேண்டியிருந்துச்சு.

எனக்கு வேண்டியது இன்னும் தடிமனா, பதினஞ்சு பதினாறு வயசுக்கு, வேலைக்குப் போற பையனும் கல்யாணம் பேசுற பொண்ணும் "நான்"னு பேசுற நாவல். இந்த வயசுக்குத்தான் அலமாரியில இடம் காலியாக் கிடக்கு.

செல்லூர்த் தறி:

டீச்சர், ராத்திரி ஷிஃப்டுப் பையன் கதை யாராவது எழுதினா முதல் பிரதி நான் வாங்குவேன். 

ஐயா, "நான்" வேணாம்னா மார்க்கஸ் ஸூசாக்கோட 'த புக் தீஃப்' பாருங்க. 2005-ல வந்தது. கதை சொல்றதே சாவுதான். எமன் பேசுறாரு.

நான்மாடக்கூடல்:

தம்பி சொன்னதற்காகப் பத்து நாள் நத்தம் சாலைக்கு நடந்தேன். 'த புக் தீஃப்' முடித்துவிட்டேன். ஹிட்லர் காலத்து ஜெர்மனி. லீசல் என்ற சிறுமிக்கு எழுத்துத் தெரியாது. வளர்ப்புத் தந்தை ஹான்ஸ் நிலவறைச் சுவரில் வண்ணம் பூசி எழுத்து எழுதிக் கற்றுக்கொடுக்கிறார். அவருக்கே படிப்பு அவ்வளவு வராது. அவள் படிக்கும் முதல் புத்தகம், புதைகுழி தோண்டுபவர்களுக்கான கையேடு. நான் மணலில் விரல் தேய்த்து அகரம் எழுதியவன். என் தகப்பனாருக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும்; ஆனாலும் பக்கத்தில் குந்தி, நான் எழுதுவது சரியா என்று தெரியாமலே தலையாட்டுவார். ஹான்ஸைப் படிக்கையில் அவர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

லீசலின் தோழன் ரூடி இறக்கப்போகிறான் என்று சாவு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பேரன் அதைக் குறை என்றான். நான் இல்லை என்றேன். சிலப்பதிகாரத்தில் பதிகம் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறது, கோவலன் கொலையுண்பதையும் சேர்த்து. தெரிந்துகொண்டே மதுரை வாசல் வரை அவர்களோடு நடக்கிறோமே, அந்தக் கனம் வேறு. ரூடி சிரிக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் எனக்கு அந்தக் கனம் இருந்தது.

நிகழ்கால "நான்" பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் உசிலை மகள் ஜன்னல் என்று சொன்னதை எண்ணிக்கொண்டிருக்கிறேன். என் வகுப்பில் பேச்சை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எத்தனை பேரோ. "கொச்சையாகப் பேசாதே" என்று நானே திருத்தியிருக்கிறேன். நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன்.

உசிலைப் பொண்ணு:

ஐயா, நீங்க இதை எழுதுனதே போதும். எனக்கு வேற என்ன சொல்லண்டு தெரியல.

வடகரை:

ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு எழுவத்திரெண்டு வயசு. வெத்தலை இடிச்சுக் குடுத்துக்கிட்டே வித்யா கதையை முழுசாச் சொன்னேன். மச்சு, படிக்கட்டு, தாத்தாகிட்டக் கேட்டது எல்லாம். நல்லாக் கேட்டுச்சு. அப்புறம் என் பெஞ்சைச் சொன்னேன். "என்ன பெஞ்சுத்தா?"ன்னுச்சு. உண்மையாவே நினைவில்ல. முப்பது வருசமா நான் சொமந்தது அதுக்கு ஒரு சாயங்காலத்துப் பேச்சு, மறுநாளே மறந்துருச்சு. கோவப்படுறதா என்னன்னு தெரியல.

கொஞ்ச நேரங்கழிச்சு அதுவே, "அந்தப் பொண்ணுக்கு அப்பனுக்குச் சொகமாச்சா?"ன்னு கேட்டுச்சு. இல்லம்மான்னேன். மேக்கொண்டு சொல்லச் சொல்லுச்சு.

டீச்சர், எம் மககிட்ட உங்க பிள்ளைகளைப் பத்திச் சொன்னேன். அவளும் அவ கூட்டாளி ரெண்டு பேரும் தமிழ்ல இருக்கிறதா ஒரு பத்துப் புத்தகம் சேத்து வைச்சிருக்காக. 'ஆதனின் பொம்மை' ரெண்டு இருக்கு. உங்க பள்ளிக்கூடத்துக்கு எப்படிச் சேக்குறது?

மேலூர் டீச்சர்:

பத்தா! சனிக்கிழமை நானே மாட்டுத்தாவணி வரைக்கும் வந்து வாங்கிக்கிறேன். காலையில பத்து மணிக்கு முன்னாடி முடியுமா? அன்னைக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு.

செல்லூர்த் தறி:

நீங்க அலைய வேணாம் டீச்சர். சரக்கு குடுக்க சனிக்கிழமை மேலூர் பக்கம் வண்டியில வர்றேன். அக்கா, நீங்க கட்டி மட்டும் வைங்க. மழைத் தண்ணி படாம நான் கொண்டுபோய்ச் சேத்துர்றேன். 'கயிறு' நாலு பிரதி நானும் போடுறேன்.